குளூ-ஏ1 செரின் 845 ஆன்டிபாடி: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

மூளைத் திசுவிலுள்ள குளூட்டமேட் ஏற்பிகளை ஆராயும் எங்கள் சிறிய ஆய்வகம் சென்னையில் இருக்கிறது. கடந்த நான்கு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்திடமிருந்து ஒரே பொருளைத் தொடர்ந்து வாங்கி வருகிறோம். ஆம்பா வகை ஏற்பியின் குளூ-ஏ1 துணையலகில், 845ஆம் இடத்தில் நிற்கும் செரின் என்னும் அமினோ அமிலத்தின் மீது பாஸ்பேட் ஏறியிருந்தால் மட்டும் அதைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி அது. 100 மைக்ரோலிட்டர் கொண்ட ஒரு குப்பி 40,000 ரூபாயை ஒட்டி விற்கிறது. இளநிலை ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் மாத உதவித்தொகை முழுவதையும் விழுங்கிவிடும் தொகை இது. இவ்வளவு கொடுத்து வாங்கும் பொருள் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதை அதனுடன் வரும் தகவல் தாள் சொல்வதில்லை. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்விகளும் இதையே சுற்றி வருவதால், ஒரு முறையேனும் முழுமையாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே வகைப் பொருளைப் பல நிறுவனங்கள் விற்கின்றன; நான் சொல்லவிருப்பவற்றில் பெரும்பகுதி அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் அந்தப் பாஸ்பேட் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். நம் மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றை விரைவாகத் தூண்டும் வேலையில் பெரும்பங்கு ஆம்பா ஏற்பிகளுடையது. நான்கு துணையலகுகள் சேர்ந்து அமைந்த இந்த ஏற்பியில் குளூட்டமேட் வந்து ஒட்டியதும், நடுவிலுள்ள வழி திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. துணையலகின் வால் அணுவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. 845ஆம் செரின் அந்த வாலில்தான் இருக்கிறது. சுழல் ஏஎம்பி என்னும் சிறு மூலக்கூறு பெருகும்போது விழித்துக்கொள்ளும் பிகேஏ என்ற கைனேஸ் நொதி அந்தச் செரினின் மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. கால்சியம் பெருகும்போது விழிக்கும் கால்சிநியூரின் என்ற பாஸ்படேஸ் நொதியும், அதனோடு பிபி1 என்ற இன்னொரு பாஸ்படேஸும் அதை இறக்குகின்றன. பாஸ்பேட் ஏறியிருக்கும்போது அந்த வழி திறந்திருக்கும் வாய்ப்புக் கூடுகிறது, ஏற்பி அணுவின் மேற்பரப்பில் தங்குவதும் எளிதாகிறது. இறங்கினால் ஏற்பி உள்ளே இழுக்கப்படுவதற்கு வழி பிறக்கிறது. பிகேஏவும் கால்சிநியூரினும் ஒன்றையொன்று தேடி அலைவதுமில்லை. எலிகளில் ஏகேஏபி150 என்றும் மனிதரில் ஏகேஏபி79 என்றும் அழைக்கப்படும் ஒரு தாங்குபுரதம் இரண்டையும் ஏற்பியின் அருகிலேயே கட்டி வைத்திருக்கிறது. ஏற்றுபவரும் இறக்குபவரும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள் என்று வகுப்பில் சொல்வது என் வழக்கம். ஆகவே இந்தக் குப்பியிலுள்ள ஆன்டிபாடி ஏற்பியின் அளவைக் காட்டுவதில்லை. அந்த இரு நொதிகளுக்கும் இடையிலான இழுபறி ஒரு குறிப்பிட்ட நொடியில் எந்த நிலையில் நின்றது என்பதையே அது காட்டுகிறது. இந்த மதிப்புரையில் நான் சொல்லும் எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்றி இறக்குவது ஒரு கட்டுப்பாட்டு முறை என்று தசையின் கிளைக்கோஜன் நொதியை வைத்து 1950களில் காட்டிய எட்மண்ட் பிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. மூளையிலும் அதே முறை இயங்குகிறது என்று நிறுவிய பால் கிரீன்கார்ட் 2000ஆம் ஆண்டு அப்பரிசை அர்விட் கார்ல்சன், எரிக் காண்டெல் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். நரம்புக்கடத்தியின் ஏற்பி ஒன்றே பாஸ்பேட் ஏறுவதால் தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது என்பதற்கான தெளிவான சான்று, மின்சாரத் திருக்கை மீனின் மின்னுறுப்பிலிருந்து எடுத்த அசிட்டைல்கோலின் ஏற்பியிலிருந்து வந்தது. பிகேஏ பாஸ்பேட்டை ஏற்றியதும் அந்த ஏற்பி விரைவாகச் சோர்ந்துவிடுகிறது என்று 1986இல் ரிச்சர்ட் ஹுகானிரும் கிரீன்கார்டும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். பின்னர் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹுகானிர் அமைத்த ஆய்வகமே 1996இல் குளூ-ஏ1இன் 831, 845ஆம் செரின்களை அடையாளம் கண்டது. நாம் இன்று விலை கொடுத்து வாங்கும் இந்தக் குப்பிகள் அந்த வேலையின் வழித்தோன்றல்கள்.

இனி பொருளுக்கு வருகிறேன். குப்பி உலர்பனியில் பொதிந்து வர வேண்டும் என்று ஆணையில் எழுதியிருந்தும், முதல் ஆண்டில் ஒரு மே மாதத்தில் வந்த பொதியில் வெறும் குளிர்ஜெல் பைகளே இருந்தன. அவையும் உருகிக் கையில் வெதுவெதுப்பாக இருந்தன. கத்திரி வெயிலில் சென்னை விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் ஒரு நாள் கிடந்தாலே போதும், கிளிசரால் கலந்த ஆன்டிபாடிகூடத் தன் வீரியத்தில் ஒரு பகுதியை இழக்கும் என்ற அச்சம் எங்களுக்கு இருந்தது. உடனே படமெடுத்து அனுப்பினோம். மூன்று வாரங்களில் மாற்றுக் குப்பி வந்தது, கூடுதல் கட்டணம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆணை கொடுப்பதையே நிறுத்திவிட்டோம். ஆண்டுக்குத் தேவையானதைப் பிப்ரவரியில் வாங்கி, 5 மைக்ரோலிட்டர் அளவில் பிரித்து உறைநிலையில் வைத்துவிடுகிறோம். இந்த ஊரில் இருப்பவர்கள் அப்படியே செய்ய வேண்டும் என்பது என் அறிவுரை.

முதல் ஆறு மாதங்கள் எங்களுக்கு நல்ல பட்டை, அதாவது ஆன்டிபாடி ஒட்டிய புரதத்தைக் காட்டும் கோடு, கிடைக்கவில்லை. எலியின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியைப் பிரித்தெடுத்து, அரைத்து, புரதத்தை ஜெல்லில் ஓட்டி, சவ்வுக்கு மாற்றி, 1-க்கு 1,000 என்ற அளவில் ஆன்டிபாடியை நீர்த்துப் போட்டால், குளூ-ஏ1 வர வேண்டிய 100 கிலோடால்டன் (புரதத்தின் எடை அலகு) சுற்றுப்புறத்தில் ஒரு நாள் அழுத்தமான கோடு தெரியும், மறுநாள் நிழல் மட்டும் தெரியும். பொருள் மோசம் என்றே நானும் எண்ணினேன். திருப்பி அனுப்பும் கடிதத்தைக்கூட எழுதத் தொடங்கிவிட்டேன். அப்போது எங்கள் மாணவி ஒருவர் தன் குறிப்பேட்டுடன் வந்து, "மேடம், கோடு நன்றாக வந்த நாட்களில் எல்லாம் திசுவை எடுத்தது நான், ஐந்து நிமிடத்துக்குள் உறைய வைத்திருக்கிறேன், வராத நாட்களில் வேறு இருவர் எடுத்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது" என்றார். அந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை.

நடந்தது என்ன என்பதை நொதிகளின் பக்கமிருந்து பார்த்தால் எளிதில் விளங்கும். இரத்த ஓட்டம் நின்றதும் மூளைத் திசுவில் அணுவுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு சில நிமிடங்களில் தீர்ந்துபோகிறது. கைனேஸுக்குப் பாஸ்பேட்டை ஏற்ற ஏடிபி வேண்டும். பாஸ்படேஸுக்கு இறக்குவதற்கு அது தேவையே இல்லை. அதோடு, அயனிகளை வெளியேற்றும் பம்புகள் நின்றுவிடுவதால் அணுவுக்குள் கால்சியம் ஏறுகிறது. அந்தக் கால்சியம் கால்சிநியூரினை மேலும் முடுக்குகிறது. ஏற்றுபவர் கை ஓய்ந்து, இறக்குபவர் மட்டும் வேலை செய்யும் அந்தச் சில நிமிடங்களில் நாம் அளக்க வந்த பாஸ்பேட்டின் பெரும்பகுதி போய்விடுகிறது. எல்லாப் புரதங்களிலும் இப்படி இறங்கத்தான் செய்யும் என்றும் சொல்ல முடியாது; சில இடங்களில் இறப்புக்குப் பின் பாஸ்பேட் ஏறுவதும் உண்டு. அதனால்தான், விலங்கின் தலையில் நுண்ணலையைக் குவித்து ஒரு நொடியை ஒட்டிய நேரத்துக்குள் மூளையின் நொதிகளை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் கருவிகள் சில ஆய்வகங்களில் பயன்படுகின்றன. அந்தக் கருவி எங்களிடம் இல்லை, நம் நாட்டில் பெரும்பாலான ஆய்வகங்களிலும் இருக்காது. இல்லாதவர்கள் செய்யக்கூடியது நேரத்தை அளந்து கணக்கிட்டு எல்லா விலங்குகளுக்கும் ஒரே அளவில் வைத்துக்கொள்வதுதான். அதைத் தகவல் தாளின் முதல் வரியிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். இந்த நிறுவனம் எங்குமே குறிப்பிடவில்லை என்பதை நான் ஒரு குறையாகவே சொல்கிறேன்.

விலங்கு இறப்பதற்கு முன்னுள்ள நேரமும் இந்தக் கணக்கில் சேரும். பயமும் பதற்றமும் மூளையில் நாரட்ரீனலினைக் கொட்டச் செய்கின்றன. நாரட்ரீனலின் தன் ஏற்பியின் வழியாகச் சுழல் ஏஎம்பியைக் கூட்டிப் பிகேஏவை எழுப்புகிறது. உணர்ச்சி மிகுந்த அனுபவம் ஏன் ஆழமாக நினைவில் பதிகிறது என்பதற்கு, குளூ-ஏ1 மீதான இந்தப் பாஸ்பேட் ஏற்றமே ஒரு விளக்கம் என்று 2007இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எங்கள் நிலையில் அதன் பொருள், கூண்டைத் தட்டித் தூக்கிக்கொண்டு நடைபாதையில் நடந்து வந்த எலியும், அதே அறையில் அமைதியாகக் காத்திருந்த எலியும் ஒன்றல்ல என்பதே. ஒரு வாரம் நாள்தோறும் கையில் எடுத்துப் பழக்கிய எலிகளில் மட்டுமே அடிப்படை அளவு நிலையாக வந்தது.

கரைசலைப் பற்றி ஒரு சொல். பாஸ்படேஸ் தடுப்பான் என்று கேட்டால் பலரும் சோடியம் ஆர்த்தோவனடேட்டை மட்டும் போடுகிறார்கள். அது டைரோசின் பாஸ்படேஸ்களைத் தடுக்கும்; செரினிலிருந்து பாஸ்பேட்டை இறக்கும் நொதிகளை அது நிறுத்தாது. செரினுக்கு 50 மில்லிமோலார் சோடியம் புளோரைடும் சோடியம் பைரோபாஸ்பேட்டும் வேண்டும். கடற்பஞ்சிலிருந்து முதன்முதலில் பிரிக்கப்பட்ட ஒக்கடாயிக் அமிலத்தைச் சேர்த்தால் பிபி2ஏ என்ற பாஸ்படேஸ் மிகக் குறைந்த செறிவிலேயே அடங்கிவிடும், பிபி1 சற்றுக் கூடுதல் செறிவில் அடங்கும். ஆனால் கால்சிநியூரினை அடக்க, பிபி2ஏவுக்குப் போதுமானதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேண்டியிருக்கும். ஆகவே கால்சியத்தைப் பிடித்து வைக்கும் ஈடிடிஏ, ஈஜிடிஏ இரண்டையும் கரைசலில் சேர்த்து, அந்த நொதிக்குக் கால்சியமே கிடைக்காமல் செய்வதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி சவ்வை மறைப்பதற்குப் பால்பவுடரைத் தவிர்த்துவிடுங்கள். பாலிலுள்ள கேசின் பாஸ்பேட் நிறைந்த புரதம் என்பதால் பின்னணி கருத்துவிடுகிறது. மாட்டு அல்புமின் 5 சதவீதம் போட்டதும் எங்கள் சவ்வு தெளிந்தது. மாதிரியை 95 டிகிரியில் கொதிக்க வைத்தபோது எங்களுக்கு ஜெல்லின் மேல் விளிம்பில் புரதம் திரண்டு நின்றது. 70 டிகிரியில் 10 நிமிடம் வைப்பதற்கு மாறிய பின் அந்தத் தொல்லை இல்லை.

பொருள் உண்மையாகவே பாஸ்பேட்டைத்தான் பார்க்கிறதா என்ற சோதனையில் இது தேறியது, மனநிறைவோடு சொல்கிறேன். 400 மைக்ரோமீட்டர் தடிமனில் வெட்டிய ஹிப்போகாம்பஸ் சீவல்களை, ஆக்சிஜன் ஊட்டிய செயற்கை மூளைத் தண்டுவட நீரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓய்வில் வைத்தோம். வெட்டிய அதிர்ச்சியில் நொதிகள் நிலைகுலைந்திருக்கும், அவை அடங்க அந்த நேரம் வேண்டும். பிறகு ஒரு பகுதிச் சீவல்களுக்கு 50 மைக்ரோமோலார் ஃபோர்ஸ்கோலின் கொடுத்தோம். சுழல் ஏஎம்பியை உருவாக்கும் அடினைலில் சைக்ளேஸ் நொதியை நேரடியாகத் தூண்டும் இந்தச் சேர்மம் மருந்துக் கூர்க்கன் செடியின் வேரிலிருந்து வருவது. 1970களில் இந்தியாவில் பணியாற்றிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தது. சேலம் வட்டாரத்து உழவர்கள் கிழங்காகப் பிடுங்கி விற்கும் அந்தச் செடியின் சாரம், உலகெங்கும் நரம்பறிவியல் ஆய்வகங்களில் பிகேஏவை எழுப்பும் திறவுகோலாக இருக்கிறது என்பதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு பெருமிதம் எழும். 15 நிமிடத்தில் 845இன் பட்டை பல மடங்கு அழுத்தமானது. மற்றொரு பகுதிச் சீவல்களுக்கு, இன்னொரு வகைக் குளூட்டமேட் ஏற்பியைத் திறக்கும் என்எம்டிஏ என்ற சேர்மத்தை 20 மைக்ரோமோலார் அளவில் 3 நிமிடம் கொடுத்தோம். ஹுகானிர், மார்க் பேர் ஆகியோரின் ஆய்வகங்கள் 1998இல் விவரித்த முறை இது, நரம்பிணைப்பை நீண்ட காலத்துக்குத் தளரச் செய்வது. கால்சியம் உள்ளே வர, கால்சிநியூரின் விழிக்க, பட்டை அடிப்படை அளவுக்கும் கீழே இறங்கியது. ஃபோர்ஸ்கோலின் கொடுத்த அதே மாதிரியில் பாதியை, லாம்டா வைரஸிலிருந்து பெறப்படும் பாஸ்படேஸ் நொதியுடன் மாங்கனீஸ் சேர்த்து 30 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து ஓட்டியபோது பட்டை முற்றிலும் மறைந்தது. மொத்தக் குளூ-ஏ1இன் பட்டை மூன்றிலும் மாறவில்லை. இந்தச் சோதனையைச் செய்து பார்க்காமல் எந்த பாஸ்பேட் ஆன்டிபாடியையும் நம்பி ஒரு விலங்கைக்கூட எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தின் விதி.

ஆனால் இந்த நற்சான்று இப்போது விற்கப்படும் வடிவத்துக்கு மட்டுமே உரியது. முதல் இரண்டு ஆண்டுகளில் நாங்கள் வாங்கியது, முயலுக்கு ஊசி போட்டு அதன் சீரத்திலிருந்து பிரித்த பல்குளோன் ஆன்டிபாடி. ஒரு முயலின் இரத்தத்திலுள்ள பலவகை ஆன்டிபாடிகளின் கலவை அது. அந்த முயலின் காலம் முடிந்தால் அதே கலவை மீண்டும் கிடைக்காது. இரண்டாவது தொகுதி வந்தபோது 100 கிலோடால்டனுக்குக் கீழே, 70ஐ ஒட்டி, இதுவரை காணாத இன்னொரு பட்டை தோன்றியது. லாம்டா பாஸ்படேஸ் போட்டும் அது மறையவில்லை, அதாவது அதற்கும் பாஸ்பேட்டுக்கும் தொடர்பே இல்லை. ஓர் ஆய்வின் முதல் பாதி ஒரு தொகுதியிலும் இரண்டாம் பாதி இன்னொன்றிலும் அமைந்ததால், ஏறத்தாழ நான்கு மாத வேலையை மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. மூன்றாம் ஆண்டில் நிறுவனம் மரபணுவைக் குளோன் செய்து அணுக்களில் உற்பத்தி செய்யும் ஒற்றைக்குளோன் வடிவத்தைக் கொண்டுவந்தது. விலை சற்றுக் கூடியது. அதற்குப் பின் வந்த மூன்று தொகுதிகளையும் ஒரே சவ்வில் அருகருகே வைத்துப் பார்த்தோம். கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. பழைய பல்குளோன் வடிவம் இன்னமும் குறைந்த விலையில் பட்டியலில் இருக்கிறது. அதை வாங்காதீர்கள். மிச்சமாகும் சில ஆயிரங்களைப் போல் பல மடங்கு விலங்குகளிலும் மாதங்களிலும் போய்விடும்.

தகவல் தாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தாளின் தலைப்பில் செரின் 845 என்று இருக்கிறது. உள்ளே ஒரு பத்தியில் செரின் 863 என்று வருகிறது. புதிதாக வந்த ஒரு மாணவர் இவை இரு வேறு இடங்கள் என்று எண்ணி, 863க்குத் தனியாக ஒரு ஆன்டிபாடி தேடத் தொடங்கிவிட்டார். உண்மையில் இரண்டும் ஒன்றே. குளூ-ஏ1 உருவாகும்போது அதன் முன்முனையில் 18 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு வழிகாட்டித் தொடர் இருக்கிறது. பின்னர் அது வெட்டி நீக்கப்படுகிறது. நீக்கிய பின் எண்ணினால் 845, நீக்கும் முன் எண்ணினால் 863. அதே போல 831 என்பது 849 ஆகும். துறையின் கட்டுரைகள் பெரும்பாலும் முதல் எண்ணிக்கையையும் புரதத் தரவுத்தளங்கள் இரண்டாவதையும் பின்பற்றுகின்றன. இதை விளக்க ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் இல்லை. தாளில் உள்ள படமும் குளூ-ஏ1 மரபணுவைப் புகுத்தி மிகையாகப் புரதம் உற்பத்தி செய்ய வைத்த வளர்ப்பணுக்களிலிருந்து எடுத்தது. அத்தகைய அணுவில் எந்த ஆன்டிபாடியும் அழகாகவே வேலை செய்யும். மூளைத் திசுவுக்கென்று விற்கும் பொருளுக்கு மூளைத் திசுவில் எடுத்த படத்தையும், முடிந்தால் 845ஆம் செரினைப் பாஸ்பேட் ஏற முடியாத அலனின் என்ற அமினோ அமிலமாக மாற்றிய எலியின் திசுவில் பட்டை வரவில்லை என்று காட்டும் படத்தையும் தருவதுதான் நேர்மை. அத்தகைய எலிகள் ஆய்வுலகில் பல ஆண்டுகளாகவே உள்ளன.

அந்த எலிகளைப் பற்றிச் சொல்வது இந்தப் பொருளின் மதிப்பைப் புரிந்துகொள்ளவும் உதவும். 831, 845 இரண்டையும் அலனினாக மாற்றி, அங்கே பாஸ்பேட் ஏறவே முடியாமல் செய்த எலிகளை ஹுகானிரின் குழு 2003இல் விவரித்தது. அவற்றின் ஹிப்போகாம்பஸில் நரம்பிணைப்பை நீண்ட காலம் தளர்த்தும் நிகழ்வு காணப்படவில்லை, வலுப்படுத்தும் நிகழ்வு குறைந்திருந்தது, இடத்தை நினைவில் வைக்கும் சோதனைகளிலும் குறை தெரிந்தது. பின்னர் ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியாக மாற்றிய எலிகளில், 845 இல்லாவிட்டால் அந்தத் தளர்வு இல்லை என்றும், 831 மட்டும் இல்லாவிட்டால் தளர்வும் வலுவும் இயல்பாகவே இருக்கின்றன என்றும் 2010இல் காட்டப்பட்டது. ஏறத்தாழ 900 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தில் ஒரே ஒரு செரின், அதன் மேல் ஏறி இறங்கும் ஒரு பாஸ்பேட். அதை ஒரு குப்பியால் சவ்வின் மேல் கறுப்புக் கோடாகக் காண முடிகிறது என்பது இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆயினும் அந்தக் கோடு ஒரு கேள்விக்கு விடை சொல்லாது. வாங்குபவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே அதைத் தெரிந்திருக்க வேண்டும். மொத்தக் குளூ-ஏ1இல் எத்தனை பங்கின் மீது பாஸ்பேட் இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி. ஃபோர்ஸ்கோலின் கொடுத்ததும் பட்டை ஐந்து மடங்கானது என்று சொல்லலாம். ஆனால் அது நூற்றில் ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போனதா, பதினைந்திலிருந்து எழுபத்தைந்துக்குப் போனதா என்பதைக் கோட்டின் கருமை காட்டுவதில்லை. இது வெறும் கொள்கைச் சிக்கல் அன்று. பாஸ்பேட் ஏறிய புரதத்தை ஜெல்லிலேயே மெதுவாக ஓடச் செய்து பிரிக்கும் பாஸ்-டேக் முறையைப் பயன்படுத்திய ஒரு ஜப்பானியக் குழு, ஹிப்போகாம்பஸில் 831இலும் 845இலும் பாஸ்பேட் ஏறிய குளூ-ஏ1 ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று 2015இல் எழுதியது. இவ்வளவு சிறிய பங்கு நரம்பிணைப்பின் வலிமையை எப்படி மாற்றும் என்ற கேள்வி துறையையே உலுக்கியது. அடுத்த ஆண்டே ஹுகானிரின் குழு, பாஸ்பேட் ஆன்டிபாடியால் ஏற்பிகளைக் கரைசலிலிருந்து இழுத்தெடுத்து எஞ்சியதை அளக்கும் வேறொரு முறையில், அந்தப் பங்கு கணிசமானது என்று மறுத்துரைத்தது. என்னைக் கேட்டால், இரண்டாவது விடையின் பக்கமே நான் சாய்கிறேன். திசுவை எடுப்பதிலும் கரைப்பதிலும் கழியும் நேரத்தில் எவ்வளவு பாஸ்பேட் போய்விடுகிறது என்பதை எங்கள் ஆய்வகத்தில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது என் சாய்வு மட்டுமே. பங்கை அறிய விரும்புபவர்கள் இழுத்தெடுக்கும் முறையையோ பாஸ்-டேக் ஜெல்லையோ உடன் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஜெல்லுக்கும் இதே ஆன்டிபாடியைப் பயன்படுத்தினோம், நன்றாகவே வேலை செய்தது.

ஒப்பிடுவதற்கான மொத்தக் குளூ-ஏ1 ஆன்டிபாடியை நிறுவனம் இணையாக ஒரு சலுகை விலையில் தருகிறது. அது வாலின் கடைசி நுனியைப் பற்றுவது. இங்கே மூன்றாவது ஒரு நொதி குறுக்கிடுகிறது. கால்சியம் பெருகும்போது கால்பெயின் என்ற புரதவெட்டி நொதி குளூ-ஏ1இன் வாலையே துண்டித்துவிடுகிறது. வால் போனால் மொத்தத்தைக் காட்டும் பட்டையும் போகும், பாஸ்பேட்டைக் காட்டும் பட்டையும் போகும், விகிதம் மட்டும் மாறாதது போல் தோற்றமளிக்கும். பக்கவாத மாதிரிகளையோ தாமதமாக எடுத்த திசுவையோ ஆராய்பவர்களுக்கு இது பெரிய பொறி. நாங்கள் சலுகையை விட்டுவிட்டு, அணுவுக்கு வெளியே நிற்கும் முன்முனையைப் பற்றும் மொத்த ஆன்டிபாடியை வேறிடத்தில் வாங்குகிறோம்.

உடன்பிறப்பான 831 ஆன்டிபாடியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூளையில் மிகுதியாக உள்ள காம்-கே2 என்ற கைனேஸும் பிகேசி என்ற இன்னொரு கைனேஸும் பாஸ்பேட் ஏற்றும் இடம் அது. அங்கே ஏறினால் ஏற்பியின் ஒரு திறப்பில் பாயும் மின்னோட்டம் கூடுகிறது என்று 1999இல் காட்டப்பட்டது. பொருள் இன்னமும் பல்குளோனாகவே இருக்கிறது; எங்கள் கையில் பட்டை மங்கலாக வந்தது, 1-க்கு 500 என்று கெட்டியாகப் போட வேண்டியிருந்தது. ஒற்றைக்குளோன் வடிவம் வரும்வரை நான் மீண்டும் வாங்குவதாக இல்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு நல்ல சொல் சொல்லியாக வேண்டும். எண் குழப்பத்தைப் பற்றி எழுதியபோது, அவர்களின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து வந்த பதில் அச்சடித்த வாசகமாக இல்லை. எழுதியவர் ஆய்வகத்தில் நின்று வேலை செய்தவர் என்பது தெரிந்தது. ஆன்டிபாடியை உருவாக்கப் பயன்படுத்திய பெப்டைடின், அதாவது சிறு புரதத் துண்டின், அமினோ அமிலத் தொடரைக் கேட்டோம், ரகசியம் என்று மறுக்காமல் அனுப்பினார்கள். தாளைத் திருத்துவதாகவும் எழுதினார்கள். இதை எழுதும் நாள் வரை தாள் திருத்தப்படவில்லை.

பயன்படுத்திய நீர்த்த கரைசலைத் துளி சோடியம் அசைடுடன் குளிர்பெட்டியில் வைத்து மூன்று முறை வரை மீண்டும் பயன்படுத்தலாம். நான்காம் முறை பட்டை வெளிறிவிடுகிறது. ஒவ்வொரு தொகுதியிலும் கடைசி 5 மைக்ரோலிட்டரைத் தொடாமல் வைத்திருக்கிறோம். ஃபோர்ஸ்கோலின் கொடுத்த சீவல்களின் கரைசல் ஒன்றும் என்எம்டிஏ கொடுத்தது ஒன்றுமாக, சிறு சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் அடுக்கியிருக்கிறோம். புதிய தொகுதி வந்து இறங்கும் நாளன்று, எந்த ஆய்வையும் தொடங்குவதற்கு முன், அந்த இரண்டு மாதிரிகளும் பழைய துளியும் புதிய துளியும் ஒரே ஜெல்லில் ஓடுகின்றன.